கம்பைன் விட்டுச்செல்லும் வைக்கோலில் எவ்வளவு வாயு? பஞ்சாப் லெஹ்ராகாகா ஆலையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 அக்டோபர் 18 அன்று பஞ்சாபின் சங்க்ரூர் மாவட்டத்தில், லெஹ்ராகாகாவை அடுத்த புட்டல் கலான் கிராமத்தில் ஓர் உயிரி எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் சுமார் 220 கோடி ரூபாய் செலவில் 20 ஏக்கரில் கட்டிய ஆலை. இத்தகைய ஆலைகளில் ஆசியாவிலேயே பெரியது என்று அப்போது அறிவித்தார்கள். நாளொன்றுக்கு 300 டன் வைக்கோல் உள்ளே போனால் 33 டன் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு, அதாவது சிபிஜி, வெளியே வர வேண்டும் என்பது திட்டம். நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரித்து வாயுவாக்க, தலா 10,000 கன மீட்டர் கொள்ளளவில் எட்டுச் செரிப்புத் தொட்டிகள். திறப்பு விழா நாளில் உற்பத்தி சுமார் 6 டன்தான்.

இந்த மாதிரி ஆலைகளைப் பற்றிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் தொட்டி, நுண்ணுயிர், வெப்பநிலை, மானியம் என்றே போகும். அவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் தொட்டிக்குள் என்ன நடக்கும் என்பதில் கணிசமான பங்கு, வைக்கோல் ஆலை வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நெல்லை எந்த உயரத்தில் அறுத்தார்கள், வைக்கோலைத் தூளாக்கித் தெளித்தார்களா, வரிசையாக விட்டார்களா, எத்தனை நாள் காயவிட்டார்கள், எதைக் கொண்டு வாரினார்கள் என்பதெல்லாம் அந்த முடிவில் அடக்கம். லெஹ்ராகாகாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தக் கேள்விகள் எல்லாம் அங்கே ஒரே வட்டாரத்தில், ஒரே மாதத்துக்குள் வந்து மோதுகின்றன என்பதுதான்.

ஆலையின் கணக்கு

முதலில் எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 300 டன்னுக்கு 33 டன் என்றால், ஒரு டன் வைக்கோலுக்கு 110 கிலோ சிபிஜி. இது நன்றாகக் காய்ந்த, மண் ஒட்டாத வைக்கோலுக்கான கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு 1 லட்சம் டன் வைக்கோல் தேவை, அதனால் 40,000 முதல் 45,000 ஏக்கரில் அறுவடைக்குப் பின் வைக்கோலுக்குத் தீ வைப்பது நிற்கும் என்றும் அரசு அறிவிப்பில் இருந்தது. வகுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 2.2 முதல் 2.5 டன் வருகிறது. பஞ்சாபில் ஒரு ஏக்கர் நெல்லில் கிடைக்கும் மொத்த வைக்கோலில் ஏறக்குறைய எல்லாமே இது. அப்படியானால் தாளை அடியோடு வெட்டி, வயலைத் துடைத்தாற்போல் வாரினால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் பின்னால் கொட்டுகிற தளர்ந்த வைக்கோலை மட்டும் எடுத்தால் வராது. அறிவிப்பில் இருக்கும் ஓர் எளிய எண்ணுக்குள் ஓர் அறுவடை முறையே ஒளிந்திருக்கிறது.

ஒரு ஏக்கரில் நடப்பது

பஞ்சாபில் நெல் பயிராகும் பரப்பு 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். பாஸ்மதி வயல்களில் இன்னும் கணிசமான அளவு கையறுப்பு உண்டு. அந்த வைக்கோல் மாட்டுத் தீவனமாகவும் போகிறது. மற்ற நெல் ரகங்களில் கம்பைன்தான் எல்லாம்.

கையால் அறுக்கும்போது அரிவாள் தரையை ஒட்டிப் போகும். கதிரோடு தாளும் சேர்ந்து அரி அரியாகக் கட்டாகி, களத்துக்குப் போய், அடித்து முடிந்ததும் வைக்கோல் போராகிவிடும். வயலில் மிஞ்சுவது நாலு விரல் கட்டைதான். கம்பைனின் வேலை வேறு மாதிரி. அதற்குத் தேவை கதிர் மட்டுமே. வெட்டும் உயரத்தைக் கூட்டினால் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போகும் வைக்கோல் குறையும், டீசல் மிச்சமாகும், வேகமாக ஓட்டலாம். அங்கே கம்பைன் வாடகை ஏக்கர் கணக்கில். ஒரு நாளில் எத்தனை ஏக்கர் முடித்தார் என்பதே ஓட்டுநரின் வருமானம். முழங்கால் உயரத்துக்குத் தாளை நிற்கவிட்டுப் போவது அவருக்கு லாபம். உயரத்தைப் பொறுத்து, மொத்த வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நின்றபடியே இருந்துவிடும். மீதி, இயந்திரத்தின் அகலத்துக்கு நடுவில் ஒரு தளர்ந்த வரிசையாக விழும்.

இப்படி விட்டுச்சென்ற வயலிலிருந்து வைக்கோலைக் கட்டாக எடுக்க நான்கு வேலைகள் தேவைப்படுகின்றன. டிராக்டரில் மாட்டிய சுழல் வெட்டியை ஓட்டி நின்ற தாளைத் தரைமட்டமாக்க வேண்டும். வெட்டியதை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். அப்புறம் வாரியை ஓட்டி வரிசையாக்க வேண்டும். கடைசியாகப் பேலர் வந்து அழுத்திக் கட்டும். ஒரே வயலுக்குள் டிராக்டர் மூன்று முறை இறங்க வேண்டும், கட்டுகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் தனி. இத்தனைக்கும் பல இடங்களில் வைக்கோலுக்காக விவசாயிக்குத் தனியாகக் காசு எதுவும் வருவதில்லை. வயல் காலியானால் போதும் என்றுதான் விடுகிறார்.

காலமும் கையில் இல்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபருக்குள் தள்ளிப்போனது. நவம்பர் நடுப்பகுதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் இருப்பது மூன்று வாரம் சொச்சம். அதற்குள் பேலர் வந்து சேரவில்லை என்றால் தீப்பெட்டிதான்.

இதில் ரகத்துக்கும் பங்குண்டு. சங்க்ரூர் பக்கத்தில் வெகுகாலம் கோலோச்சிய பூசா 44, ஐந்து மாதத்துக்கும் மேலாக நிற்கும் ரகம். வைக்கோலும் அதிகம். பிஆர் 126 ஒரு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். வாயு ஆலையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது சுவாரசியமான சிக்கல். நீண்ட கால ரகத்தில் ஏக்கருக்கு வைக்கோல் அதிகம், ஆனால் அதைக் காயவைத்து எடுக்க நாள் இல்லை. குறுகிய கால ரகத்தில் வைக்கோல் குறைவு, ஆனால் வெயில் உள்ள செப்டம்பர் கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். என் கணிப்பில் ஆலைக்கு இரண்டாவதுதான் நல்லது. காயாத இரண்டரை டன்னைவிடக் காய்ந்த இரண்டு டன் மேல்.

தூளாக்கும் இயந்திரமும் கட்டும் இயந்திரமும்

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது.

வைக்கோல் எரிப்பைத் தடுக்க 2018இல் மத்திய அரசு இயந்திர மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தனி விவசாயிக்குப் பாதி விலை, குழுக்களுக்கு 80 சதவீதம். அதே ஆண்டு பஞ்சாபில் கம்பைன்களுக்கு ‘சூப்பர் எஸ்எம்எஸ்’ என்ற இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. கம்பைனின் வால் பக்கத்தில் பொருத்தப்படும் இது, வெளியே வரும் வைக்கோலை நறுக்கி வயல் முழுவதும் சீராகத் தூவிவிடும். ஏன் வேண்டும் என்றால், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு உருவாக்கிய ‘ஹேப்பி சீடர்’ கருவி, வைக்கோல் குவிந்து கிடந்தால் அடைத்துக்கொள்ளும். சீராகத் தூவியிருந்தால் அந்தப் போர்வைக்குள்ளேயே கோதுமையை விதைத்துவிடலாம். வைக்கோலை வயலிலேயே வைத்துக்கொள்ளும் வழி இது. மண்ணுக்கும் நல்லது.

இதே 2018 அக்டோபரில் ‘சதத்’ திட்டமும் வந்தது. 5,000 சிபிஜி ஆலைகள், ஆண்டுக்கு 150 லட்சம் டன் வாயு, கெடு 2023 என்றார்கள். கெடு வந்தபோது நூறு ஆலைகள்கூடத் தேறவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் வழி வேறு: வைக்கோலை வயலிலிருந்து வெளியே எடுப்பது.

ஒரு திட்டம் வைக்கோலைத் தூவச் சொல்கிறது, மற்றொன்று வாரச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. வயலில் ஓடுவதோ ஒரே கம்பைன்.

எஸ்எம்எஸ் ஓடிய வயலில் பேலர் திணறுகிறது. நறுக்கிய துண்டுகள் தாளுக்கு இடையில் விழுந்துவிடும். வாரியின் பற்களில் சிக்காது. சிக்கினாலும் பேலரின் எடுப்புப் பற்களிலிருந்து நழுவும். கட்டும்போது நீளமான தாள்தான் ஒன்றோடொன்று பின்னி நிற்கும், துண்டு உதிரும். மொத்தத்தில் ஏக்கருக்குக் கிடைக்கும் கட்டு குறையும். துண்டுகளைப் பிடிக்கலாம் என்று வாரியை இன்னும் தாழ்த்தினால் மண் ஏறும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நறுக்குவது வாயுவுக்கு நல்லதுதான். நெல் வைக்கோலின் மேல்தோலில் மெழுகும் சிலிக்காவும் படிந்திருக்கும். உள்ளே லிக்னின் என்ற கடினப் பொருள், வாயு தரும் செல்லுலோஸைப் பிடித்து வைத்திருக்கும். நுண்ணுயிர் உள்ளே நுழைய வழி வேண்டும், அதற்குத் துண்டு சிறிதாக வேண்டும். நீளமான வைக்கோலை அப்படியே தொட்டியில் போட்டால் மேலே மிதந்து தடித்த ஆடைபோல் படிந்துவிடும், கலக்கியும் சுற்றாது. ஆகவே ஆலையில் கட்டைப் பிரித்து, மின்சாரம் செலவழித்து, மறுபடி நறுக்கத்தான் போகிறார்கள். கம்பைனின் வாலிலேயே டீசல் செலவில் நடந்த அதே வேலை ஆலைக்குப் பயன்படவில்லை. நறுக்கியது நியாயம், இடம்தான் தப்பு.

ஜெர்மனியின் கோதுமைக் கம்பைன்களில் நறுக்கும் பகுதி இயந்திரத்தோடே வரும். அதை இயக்கவும் நிறுத்தவும் ஓட்டுநரால் முடியும். இந்த வயலில் நறுக்கித் தூவு, அடுத்ததில் வரிசையாக விடு என்று வயலுக்கு வயல் முடிவு செய்கிறார்கள். வெர்பியோ தன் சொந்த நாட்டில், ஷ்வெட் நகரில், 2014 முதல் வைக்கோலிலிருந்து வாயு எடுத்துவருகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது வரிசையில் விட்டு, பெரிய சதுரக் கட்டாகக் கட்டிய கோதுமை வகை வைக்கோல். அறுவடைக் காலம் கோடை. தாளும் கதிரோடு சேர்ந்தே காய்ந்திருக்கும். பஞ்சாபில் கம்பைன் இறங்கும்போது நெல் முற்றியிருந்தாலும் தாள் பச்சையாக, பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும். அதே தொழில்நுட்பம் கடல் தாண்டி வந்தாலும் மூலப்பொருள் அதே நிலையில் வந்து சேராது என்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

மண்ணும் ஈரமும்

கட்டுக்குள் வரும் மண் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. சுழல் வெட்டி தரையை உரசும்போது ஒரு பங்கு, வாரியின் பற்கள் கீறும்போது இன்னொரு பங்கு என்று சேர்கிறது. ஒரு கணக்குக்காகக் கட்டின் எடையில் 5 சதவீதம் மண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 லட்சம் டன் வாங்கும் ஆலை, 5,000 டன் மண்ணுக்கு விலையும் வண்டிக் கூலியும் கொடுக்கிறது. அந்த மண் நறுக்கும் கத்திகளைத் தேய்க்கும், பம்புகளைத் தின்னும், தொட்டியின் அடியில் தங்கி அதன் கொள்ளளவையே விழுங்கும். நெல் வைக்கோலில் ஏற்கெனவே சாம்பல் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து ஒரு சொட்டு வாயுவும் வராது. அதன் மேல் மண் வேறு.

ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் கையை வைக்கிறது. 15 சதவீத ஈரத்தில் ஒரு டன் கட்டில் உலர்பொருள் 850 கிலோ. 30 சதவீத ஈரத்தில் 700 கிலோ. ஒரு டன்னுக்கு 110 கிலோ என்றிருந்த சிபிஜி, இரண்டாவது கட்டில் 90 கிலோவுக்கு இறங்கிவிடும். எடை பார்த்துக் காசு கொடுத்தால் இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

அதோடு முடியவில்லை. வைக்கோல் வருவது அக்டோபர், நவம்பரில் மட்டும். ஆலைக்கு வேண்டியதோ ஆண்டு முழுவதும். லெஹ்ராகாகா திட்டத்தில் ஆலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் ஆறு முதல் எட்டுச் சேமிப்பு இடங்கள் என்று வைத்திருந்தார்கள். ஈரமாகக் கட்டியது அங்கே சும்மா இருக்காது. உள்ளுக்குள் சூடேறும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை முதலில் தின்பது எளிதில் கரையும் சர்க்கரையையும் மென்மையான செல்லுலோஸையும்தான். தொட்டியில் முதல் வாரத்தில் வாயு தர வேண்டிய பகுதி அது. எட்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தால் எடை ஓரளவு இருக்கும், கருத்த தூசி பறக்கும், கடினமான நார் மட்டும் மிஞ்சியிருக்கும். சூடு எல்லை மீறினால் போரே தீப்பிடிக்கும்.

மழையில் நனைந்த வைக்கோல் விஷயத்தில் ஒரு முரண்பாடு உண்டு. எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு ஒரு மழையில் நனைந்து மறுபடி காய்ந்த வைக்கோல் பிடிக்கும். பொட்டாசியமும் குளோரினும் கழுவிப்போவதால் கொதிகலனில் படிவு குறையும். வாயு ஆலைக்கு அதே மழை நஷ்டம். கழுவிப்போவதில் கரையும் சர்க்கரையும் சேர்த்தி. ஆக ‘நல்ல வைக்கோல்’ எது என்பது வாங்குபவரைப் பொறுத்தது.

காவிரி டெல்டாவில் குறுவை அறுப்பின்போது மழையில் சிக்கிய வைக்கோலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. சேற்றில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டி, வைக்கோலை மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கிவிடும். அதைக் கட்டினாலும் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. ஆனால் அங்கே வைக்கோலுக்குத் தீவன விலை இருப்பதால், கம்பைன் பரவியதைத் தொடர்ந்து சிறிய உருளைக் கட்டுப் பேலர்களும் வந்துவிட்டன.

பஞ்சாபிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கோதுமையையும் அங்கே கம்பைன்தான் அறுக்கிறது, தாளும் அதே மாதிரிதான் நிற்கிறது. ஆனால் அதன் பின்னாலேயே ஸ்ட்ரா ரீப்பர் என்ற இயந்திரம் இறங்கி, நின்ற தாளையும் கிடந்த வைக்கோலையும் சேர்த்து அரைத்து, பின்னால் இழுக்கும் வலை போட்ட வண்டியில் ஊதிவிடும். தூரி என்று சொல்லும் அந்தத் தவிட்டு வைக்கோல்தான் எருமைகளுக்கு ஆண்டுத் தீவனம். விலை உள்ள பொருளுக்கு இயந்திரம் தானாகவே பின்னால் வந்து நிற்கிறது. நெல் வைக்கோலுக்கு அந்த விலை இல்லாமல் இருந்தது, இப்போதுதான் வாயு ஆலை ஒரு விலையை முன்வைக்கிறது.

வாயுவுக்காகவே அறுத்தால்

எதிர்ப்பக்க உதாரணம் ஜெர்மனியின் மக்காச்சோளம். 2000இல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தில் 2004இல் திருத்தம் செய்து, எரிசக்திக்காகவே வளர்க்கும் பயிருக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஆலைகள் பெருகின, மக்காச்சோளமும் பெருகியது. நிலப்பரப்பே சோளக்காடாகிறது என்று எதிர்ப்பு வந்து, 2012இல் புதிய ஆலைகளுக்கு மக்காச்சோளம் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டார்கள்.

அங்கே அறுவடையே வாயுவுக்காகத்தான். முழுச் செடியிலும் உலர்பொருள் 30 சதவீதத்தைச் சுற்றி வரும்போது வெட்டுகிறார்கள். அதற்கு முன்னால் வெட்டினால் சேமிப்புக் குழியிலிருந்து சாறு வழிந்து சர்க்கரை போய்விடும். 35ஐத் தாண்ட விட்டால் தண்டு விறைத்து, அழுத்தினாலும் அமுங்காமல் காற்று தங்கிச் சூடேறும். வெட்டும் இயந்திரமே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, மணியையும் நசுக்கி, பக்கத்தில் ஓடும் வண்டியில் ஊதுகிறது. தாமதிக்காமல் குழியில் கொட்டி, கனமான டிராக்டர் ஏறி மிதித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். செடி தரையில் விழுவதே இல்லை, அதனால் மண் ஒட்டுவதில்லை. காயவிடும் வேலையும் இல்லை.

பஞ்சாப் நெல்லில் இதை அப்படியே செய்ய முடியாது. அங்கே நெல்தான் முதல் பயிர், வாயு மிச்சத்திலிருந்து வருவது. உணவுப் பயிர் நிலத்தை வாயுவுக்கு ஒதுக்குவதைவிட இது எவ்வளவோ நியாயமானது என்பது என் கருத்து. ஆனாலும் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பச்சை வைக்கோலைக் காயவைக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே கைவிட்டு, ஈரத்தோடு நறுக்கிக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைக்கலாம். நெல் வைக்கோலில் இது ஆய்வளவில் செய்து பார்த்ததுதான். ஈர வைக்கோல் மென்மையாக இருப்பதால் செரிப்பதும் எளிது, மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீரையும் சேர்த்து வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதுதான் முட்டுக்கட்டை. 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்றால் யோசிக்கலாம். அதைத் தாண்டினால் டீசல் கணக்கு கையைக் கடிக்கும்.

எதை மாற்றலாம்

தொட்டிக்குள் செய்ய வேண்டியவை தனிக் கதை. வைக்கோலில் கரிமம் தழைச்சத்தைப் போல 60 முதல் 80 மடங்கு. நுண்ணுயிருக்கு 20 முதல் 30 மடங்கு இருந்தால் வசதி. சாணமோ கோழி எருவோ சேர்த்துச் சரிக்கட்டலாம். எந்த அறுவடை முறையாலும் இது மாறாது, அதனால் இதோடு விடுகிறேன்.

வயலில் மாற்றக்கூடியவை மூன்று. முதலாவது வெட்டும் உயரம். கம்பைன் ஓட்டுநருக்கு ஏக்கருக்கு ஒரே கூலி என்றிருக்கும் வரை அவர் தாழ்த்தி வெட்ட மாட்டார். தாழ்த்தி வெட்டினால் வேகம் குறையும், டீசல் கூடும். சுழல் வெட்டிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்தால், தாள் கதிரோடு சேர்ந்தே உள்ளே போய் வரிசையில் விழும். மண்ணும் குறையும், டிராக்டர் ஒரு முறை இறங்குவதும் மிச்சம்.

இரண்டாவது எஸ்எம்எஸ் பற்றிய தெளிவு. இந்த வயல் ஹேப்பி சீடருக்கு, அந்த வயல் பேலருக்கு என்று கம்பைன் இறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆலை விவசாயியோடு செப்டம்பரிலேயே ஒப்பந்தம் போட்டால்தான் இது நடக்கும். அறுத்து முடிந்த பிறகு பேலர்காரர் வயல் வயலாகத் தேடி அலைவதால் நடக்காது.

மூன்றாவது விலை. எடைக்கு மட்டும் விலை கொடுத்தால் ஈரமும் மண்ணும் காசாகும். கட்டில் ஈரமானியை ஒரு குத்து குத்திப் பார்க்க நிமிடம்கூட ஆகாது. சாம்பல் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும், அதை மாதிரி எடுத்துச் செய்யலாம். நெல் மண்டியில் ஈரப்பதத்துக்குப் பிடித்தம் செய்வது விவசாயிக்குப் பழகிய விஷயம்தான்.

நகர எரிவாயு நிறுவனங்கள் தங்கள் விற்பனையில் சிபிஜியைக் கலந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 2025-26இல் 1 சதவீதத்தில் தொடங்கி, 2028-29இல் 5 சதவீதமாக ஏறுகிறது. வாங்க ஆள் இருக்கிறது என்பதால் புதிய ஆலைகளும் வரும். அந்த ஆலைகளின் திட்ட அறிக்கையில் வைக்கோல் என்ற தலைப்பின் கீழ் வழக்கமாக இருப்பது டன் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும். வெட்டும் உயரம், எஸ்எம்எஸ் ஓடிய பரப்பு, கட்டும்போது இருந்த ஈரம், சாம்பல் அளவு என்ற நான்கு வரிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிக் கடன் கொடுக்கும் வங்கியே கேட்கலாம்.